குடித்துவிட்டு ஓட்டுவதா, வேகமாக ஓட்டுவதா, எது ஆபத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கிளட்ச், கியர் எல்லாம் ஓரளவு பிடிபட்ட பிறகு யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுவார். லைசென்ஸ் வாங்கிப் பல வருடமானவர்களும் வீட்டு விசேஷங்களில் பிடித்துவைத்து இதையே கேட்கிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க. ரெண்டுல எது மோசம்?

குடித்துவிட்டு ஓட்டுவது. வேகமாகப் போகிறவருக்குத் திடீரென்று புத்தி வந்தால் காலை எடுத்தால் போதும், சில நொடிகளில் அவர் பழைய நிலைக்கு வந்துவிடுவார். குடித்தவருக்குப் பாதி வழியில் மனம் மாறினாலும் ரத்தத்தில் இருப்பது மாறாது. அது இறங்க மணிக்கணக்காகும்.

ஆனால் இந்தப் பதிலைச் சொன்னதும் பலர் நிம்மதியாகத் தலையாட்டுகிறார்கள். "நான்தான் குடிக்கிறதே இல்லையே" என்று. அந்த நிம்மதியைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் வேகம் என்று நாம் நினைப்பது எவ்வளவு சீக்கிரம் குடிபோதைக்குச் சமமான ஆபத்தாகிறது என்று 3, 5-ஆம் கேள்விகளில் பாருங்கள்.

2. வேகம்னு எதைச் சொல்றீங்க? நூறைத் தாண்டினாத்தானே வேகம்?

இரண்டு விதம் உண்டு. பலகையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டுவது ஒன்று. அளவுக்குள்ளேயே இருந்தாலும் மழை, பனி, இருட்டு, கூட்டம் இருக்கும்போது அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போவது இன்னொன்று. 40 போகலாம் என்று எழுதியிருந்தாலும், பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருவுக்கு 40 அதிகம்.

இன்னொரு விஷயம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் 100-ல் வந்துவிட்டு ஊருக்குள் நுழைந்தால் 70-ல் போவதே ஊர்கிற மாதிரி இருக்கும். கண் வேகத்துக்குப் பழகிவிடுகிறது. அந்த நேரத்தில் மனக்கணக்கை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள்.

3. அஞ்சு, பத்து கிலோமீட்டர் கூடப் போனா என்ன பெருசா ஆயிடப் போகுது?

மைதானத்தில் நான் வழக்கமாக ஒன்று செய்து காட்டுவேன். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அங்கிருந்து 37 மீட்டர் தள்ளி ஒரு பையை வைப்பேன். கார் இந்தக் கோட்டுக்கு வரும் நேரத்தில் பை இருக்கும் இடத்தில் ஒரு குழந்தை குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

60-ல் வரும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால், அதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விட்டது. காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர் போல வேண்டும். மொத்தம் 36.5. பைக்கு அரை மீட்டர் முன்னால் கார் நிற்கிறது. இப்போது அதே காரை, அதே ஓட்டுநரை 65-ல் வரச் சொல்லுங்கள். பை இருக்கும் இடத்தில் கார் இன்னும் சுமார் 28 கி.மீ. வேகத்தில் இருக்கும். 70-ல் வந்தால் மோதும் வேகம் 41. 80-ல் வந்தால் 61.

கடைசி எண்ணை யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். "60-ல வந்தவன் நின்ன இடத்துல, 80-ல வந்தவன் இன்னும் 61-லயா போவான்?" என்று திரும்பக் கேட்பார்கள். ஆமாம். கூடுதல் வேகத்தால் அந்த ஒரு நொடியிலேயே ஐந்தரை மீட்டர் அதிகமாகப் போய்விடுகிறது. அப்புறம், பிரேக் அழிக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. வேகத்தில் பெரும் பங்கு குறைவதும் நிற்பதற்கு முந்தைய கடைசிச் சில மீட்டர்களில்தான். அந்த மீட்டர்கள் கையில் இல்லையென்றால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை.

4. ரெண்டு பெக் எனக்கு ஒண்ணுமே பண்ணாது. நான் ஸ்டெடியாத்தான் இருப்பேன்.

நீங்கள் தள்ளாடாமல் நடப்பீர்கள், நம்புகிறேன். தினமும் குடித்துப் பழகியவர்கள் பேச்சிலும் நடையிலும் காட்டிக்கொள்ளாமல் இருக்கக்கூடியவர்கள். ஆனால் வண்டி ஓட்டத் தேவைப்படுவது நேராக நடப்பது இல்லை. ஒரே நேரத்தில் கண்ணாடியையும் பார்க்க வேண்டும், முன்னால் போகும் லாரியையும் பார்க்க வேண்டும், ஓரத்தில் சைக்கிளில் வருபவர் திரும்புவாரா என்றும் யோசிக்க வேண்டும். கவனத்தை இப்படிப் பிரித்து வைக்கும் திறமைதான் ஆல்கஹாலில் முதலில் அடிபடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம் இருக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. பொதுவான ஓட்டுநர்களுக்கு 50 மில்லிகிராம், இளைஞர்களுக்கும் புதிதாக ஓட்டுபவர்களுக்கும் 20 என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்சவரம்பு. பல நாடுகள் எல்லோருக்குமே அதைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன.

இதில் வேதனையான விஷயம், "நான் ஸ்டெடி" என்று தீர்ப்பு சொல்வதும் அதே மூளைதான். தராசே சாய்ந்திருக்கும்போது எடை சரி என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, கடைசி மிடறுக்குப் பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகலாம். கிளம்பும்போது தெளிவாக இருந்தவர் பாதி வழியில்தான் உச்சத்தைத் தொடுவார்.

5. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சு யாராவது பாத்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வு அது. 60 கி.மீ. வரம்புள்ள சாலைகளில் விபத்தில் சிக்கிய கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று தடயங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அதே இடத்தில் விபத்தில்லாமல் கடந்துபோன கார்களின் வேகத்தையும் அளந்து ஒப்பிட்டார்கள். 60-க்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ.க்கும், ஆள் அடிபடும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது.

பிறகு அதே நகரத்தில் மதுவைப் பற்றிச் செய்திருந்த ஆய்வின் எண்களைப் பக்கத்தில் வைத்தார்கள். 65-ல் போவது, 50 மில்லிகிராம் ஆல்கஹாலோடு 60-ல் போவதற்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டிலும் ஆபத்து இரண்டு மடங்குக்குப் பக்கத்தில். 70-ல் போனால் நான்கு மடங்கு, அது 80 மில்லிகிராமின் ஆபத்தையும் தாண்டிவிட்டது. 80-ல் போனால் ஏறத்தாழ முப்பது மடங்கு. அதற்கு இணையாக அவர்கள் காட்டியது 210 மில்லிகிராம். அந்த அளவில் இருப்பவருக்குச் சாவியைப் பூட்டில் நுழைப்பதே கஷ்டம்.

முதல் தடவை அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நானும் 70-ல் போனவன்தான். இந்த எண்கள் 60 வரம்புள்ள ஊர்ச் சாலைகளுக்கானவை. நெடுஞ்சாலையில் 5 கி.மீ. கூடினால் இதே அளவு ஏறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

6. அப்படின்னா 70-ல போறவனும் குடிகாரனும் ஒண்ணா? பின்ன ஏன் சட்டம் குடிச்சவனை மட்டும் அவ்வளவு கடுமையா நடத்துது?

விபத்தில் சிக்கும் வாய்ப்பை மட்டும் எடுத்தால் அந்தச் சாலையில், அந்த நிமிடத்தில் ஒன்றுதான். வேறுபாடு அதற்கு வெளியே இருக்கிறது. ஒன்று, முதல் கேள்வியில் சொன்னது: வேகத்தை உடனே திருத்தலாம், போதையைத் திருத்த முடியாது. இரண்டாவது, வேகமாகப் போனாலும் குடிக்காத ஓட்டுநருக்குச் சிவப்பு விளக்கு தெரிகிறது, எதிர்ப்பக்கம் எது என்று தெரிகிறது, தூங்கிவிட மாட்டார். குடித்தவரிடம் இவை எல்லாமே சேர்ந்து பறிபோகின்றன. மூன்றாவது, குடித்துவிட்டுச் சாவியை எடுப்பது முன்கூட்டியே எடுத்த முடிவு. வேகத்தில் பலர் கவனிக்காமலே ஏறிவிடுகிறார்கள்.

சட்டம் மதுவைக் கடுமையாகப் பார்ப்பது சரி. வேகத்தை லேசாகப் பார்ப்பது, அதைவிட முக்கியமாக அக்கம்பக்கத்தார் லேசாகப் பார்ப்பது, சரியில்லை. குடித்துவிட்டு வந்தவனை வீட்டில் திட்டுகிறோம். "ரெண்டு மணி நேரத்துல வந்துட்டேன்" என்பவனை மெச்சுகிறோம்.

7. குடிச்சிருக்கேன், ஆனா முப்பது நாப்பதுலதான் போவேன். அதுல என்ன தப்பு?

மெதுவாகப் போனால் மோதும் வேகம் குறையும், உண்மை. மோதும் வாய்ப்பு போய்விடாது. 3-ஆம் கேள்வியில் வந்த காரையே எடுங்கள். ஓட்டுநர் 60-ல்தான் வருகிறார், குடித்திருப்பதால் கால் அரை நொடி தாமதமாகப் போகிறது என்று வையுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். பையில் மோதும் வேகம் சுமார் 38. குடிக்காமல் 70-ல் வந்தவர் 41-ல் மோதினாரே, கிட்டத்தட்ட அதேதான்.

அரை நொடித் தாமதம் என்பதும் கண் பார்த்திருந்தால்தான். குடித்தவர் பல சமயம் எதிரே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. நேர் எதிரே ஒரு புள்ளியில் பார்வை நிலைத்துவிடும், ஓரத்தில் வருவது தட்டுப்படாது. அப்புறம், மெதுவாகப் போகும் உறுதி எவ்வளவு நேரம் தாங்கும்? முதல் பத்து நிமிடம் ஜாக்கிரதையாகப் போவார். ஒன்றும் ஆகவில்லை என்றதும் கால் தானாக இறங்கும்.

8. எனக்கு இருபது வருஷ அனுபவம். வேகமா போனாலும் வண்டி என் கண்ட்ரோல்ல இருக்கும்.

அனுபவம் ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் 80-ல் ஒரு நொடிக்கு 22 மீட்டர் என்பது உங்களுக்கும் 22 மீட்டர்தான், நேற்றுக் கற்றுக்கொண்டவருக்கும் 22 மீட்டர்தான். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானத்துக்கு ஓட்டுபவரின் வயது தெரியாது.

அதோடு, சாலையில் நீங்கள் மட்டும் இல்லை. குறுக்கே கடக்கும் பாட்டி உங்கள் வேகத்தைக் கணித்துத்தான் காலை எடுத்து வைக்கிறார். எல்லோரும் 50-ல் வரும் தெருவில் நீங்கள் 80-ல் வந்தால் அவர் கணக்குத் தப்பும். அந்தத் தவறுக்குக் காரணம் நீங்கள், அடி அவருக்கு.

9. இப்ப வர்ற கார்ல ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் இருக்கே?

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே திருப்ப முடியும். 3-ஆம் கேள்வியின் 37 மீட்டரை 20 ஆக்கிவிடாது. நான் போட்ட கணக்கே நல்ல பிரேக் உள்ள காருக்கானது.

ஏர்பேக் உள்ளே இருப்பவருக்கு. கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் முன்பக்க மோதல் சோதனைகள் பெரும்பாலும் 50 முதல் 64 கி.மீ. வேகத்தில் நடப்பவை. 100-ல் மோதினால் 64-ஐவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆற்றலைக் காரும் உடம்பும் தாங்க வேண்டும். வெளியே நடந்து போகிறவருக்கு ஏர்பேக் கிடையாது. காரின் முன்பக்கம் மோதும் வேகம் 50-லிருந்து 65 ஆகும்போது பாதசாரி சாகும் வாய்ப்பு நான்கரை மடங்கு ஏறுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

10. குடிச்சவன் உடம்பு தளர்வா இருக்குமாம், அதனால பெருசா அடிபடாதாமே?

இதை நம்பாதீர்கள். மோதும்போது எலும்பைத் தாக்கும் விசை தளர்வைப் பார்த்துக் குறையாது. 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது கிட்டத்தட்டப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியிலிருந்து தளர்வாக விழுந்தால் என்ன, விறைப்பாக விழுந்தால் என்ன?

இன்னும் ஒரு சிக்கலும் இருக்கிறது. தலையில் அடிபட்டவருக்கு வாய் குழறும், வாந்தி வரும், மயக்கமாக இருக்கும். குடித்தவருக்கும் அப்படியே. போதை என்று நினைத்துச் சிகிச்சை தாமதமாகிவிடும் ஆபத்து உண்டு.

11. ஒரு கப் ஸ்ட்ராங் காபி, முகத்துல தண்ணி, கொஞ்சம் எலுமிச்சம் ஜூஸ்... தெளிஞ்சிடாதா?

காபி தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். ஆல்கஹாலை அகற்றுவது கல்லீரல், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. சராசரியாக மணிக்கு 100 மில்லிக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் இறங்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

நள்ளிரவு 12 மணிக்கு ஒருவர் 150 மில்லிகிராமில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்குக் குளித்து, சாப்பிட்டு, பளிச்சென்று கிளம்புகிறார். அவர் ரத்தத்தில் இன்னும் 45 இருக்கும். முழுவதும் போக காலை 10 மணி ஆகும். "நேத்து ராத்திரி குடிச்சது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விடக் கிளம்புகிறவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

12. நிஜமா சாவு எதனால அதிகம்?

அமெரிக்கா இந்த இரண்டையும் தனித்தனியே எண்ணி வெளியிடுகிறது. அங்கே 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 42,514 பேர். குடிபோதை ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 13,524 பேர், வேகம் சம்பந்தப்பட்டவற்றில் 12,151 பேர். பெரிய இடைவெளி இல்லை. இரண்டு காரணமும் சேர்ந்த விபத்துகள் இரண்டு கணக்கிலும் வரும் என்பதால் இவற்றைக் கூட்டிப் பார்க்கக் கூடாது.

எந்த நேரத்திலும் சாலையில் குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் சிலர்தான், வரம்பைத் தாண்டுபவர்கள் ஏராளம். அந்தச் சிலரே இவ்வளவு பேரைக் கொல்கிறார்கள் என்பது தனி மனிதனாகக் குடிபோதை எவ்வளவு பயங்கரம் என்று காட்டுகிறது. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வேகம் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைக்கு வந்து சேர்வது இன்னொரு பக்கம். ஒரு சாலையில் சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினாலே உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் ஏறும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

13. ரெண்டும் சேர்ந்தா?

சேர்ந்தேதான் வருகின்றன. குடி முதலில் பயத்தை எடுத்துவிடுகிறது, பயம் போனதும் கால் அழுத்துகிறது. அதே 37 மீட்டர், 80 கி.மீ. வேகம், அரை நொடித் தாமதம் என்று போட்டுப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே 33 மீட்டர் முடிந்திருக்கும். மோதும் வேகம் 76. பிரேக் பிடிக்காமலே போனதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

14. பைக்குக்கும் இதே கணக்குதானா?

பைக்கில் இன்னும் மோசம். கார் தானாக நாலு சக்கரத்தில் நிற்கும், பைக்கை நீங்கள் நிமிடத்துக்கு நிமிடம் சமன் செய்ய வேண்டும். அந்தச் சமநிலையை ஆல்கஹால் சீக்கிரமே கெடுக்கிறது. ஹெல்மெட்டின் வாரை மாட்ட மறப்பதும் அந்த நேரத்தில்தான்.

15. நடு ராத்திரி, ரோடு காலி. அப்பவாவது வேகமா போலாமில்லையா?

காலியாகத் தெரிகிற சாலைக்கும் காலியாக இருக்கிற சாலைக்கும் நடுவே உங்கள் முகப்பு விளக்கு இருக்கிறது. தாழ்த்திய விளக்கில் கருப்புச் சட்டை போட்டு நடக்கிறவர் மிகக் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படுவார். விளக்கொளிக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகமே இரவுக்கான வேகம். அந்த நேரத்தில் எதிரே வருகிறவர் குடித்திருக்கவும் வாய்ப்பு அதிகம். அவர் தப்பு செய்யும்போது ஒதுங்க உங்களுக்கு மீட்டர்கள் வேண்டும்.

16. வீட்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலி. நான் ரெண்டு கிளாஸ் குடிச்சிருக்கேன், வேற யாருக்கும் ஓட்டத் தெரியாது. அப்ப என்ன செய்யறது?

இதைக் கேட்டவர் கண் கலங்கிக் கேட்டார், அவருக்கு அது நடந்திருந்தது. ஆம்புலன்ஸை அழையுங்கள். மாரடைப்பு என்றால் வழியிலேயே சிகிச்சை தொடங்கக்கூடியவர்கள் அதில் வருவார்கள். உங்கள் காரின் பின் சீட்டில் அவருக்கு மூச்சு நின்றால், ஓட்டிக்கொண்டே நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், வாடகைக் காரை அழையுங்கள். நள்ளிரவானாலும் வெட்கப்பட வேண்டாம்.

குடிக்காதவர் ஓட்டினாலும் பறக்க வேண்டியதில்லை. பத்துக் கிலோமீட்டரை 60-ல் போனால் 10 நிமிடம், 80-ல் போனால் ஏழரை. மிச்சமாவது இரண்டரை நிமிடம், அதுவும் ஒரு சிக்னல்கூடக் குறுக்கிடாவிட்டால். நடுவில் மோதிவிட்டால் நோயாளிக்கு எந்த நிமிடமும் மிச்சமில்லை.

17. நான் பக்கத்து சீட்ல இருக்கேன். ஓட்டுறவர் வேகமா போறார், இல்ல குடிச்சிருக்கார். எப்படிச் சொல்றது?

வேகமாகப் போகிறவரிடம் "நீங்க ஓட்டுறது சரியில்ல" என்றால் ரோஷம் வந்து இன்னும் அழுத்துவார். "எனக்கு வயித்தைப் புரட்டுது, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றால் பெரும்பாலானவர்கள் உடனே குறைக்கிறார்கள். பின் சீட்டில் குழந்தை இருந்தால் அதைச் சொல்லலாம். நான் மாமா, மாமனார் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

குடித்தவரிடம் இந்தப் பேச்சு எதுவும் எடுபடாது. அவரோடு வாதம் பண்ணாதீர்கள், வண்டியில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். சாவியை வாங்க நல்ல நேரம் அவர் கிளம்பும்போது இல்லை, முதல் கிளாஸுக்கு முன்னால். "திரும்பும்போது நான் ஓட்டறேன்", இல்லையென்றால் "வாடகைக் கார் சொல்லிட்டேன், சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று அப்போதே கேளுங்கள். அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.